ஒரே மேஷ்ல ரெண்டு பீர் போட்டேன், ரெண்டாவது கழனித்தண்ணி மாதிரி ஆயிடுச்சு, ஏன்?

அஸ்தம்பட்டிக்காரன்:
எல்லாருக்கும் வணக்கம். நான் வேலை பாக்கறது லீட்ஸ்ல, இப்ப லீவுல சேலம் வந்திருக்கேன். அங்க வீட்ல பீர் போடற பழக்கம் ரெண்டு வருஷமா இருக்கு. போன மாசம் மொத தடவையா பார்ட்டி-கைல் ட்ரை பண்ணேன், அதாவது மால்ட்ல (முளைகட்டி காயவெச்ச பார்லி) சுடுதண்ணி ஊத்தி ஊறவெக்கற கலவைதான் மேஷ், அதுல மொதல்ல இறங்கற கெட்டி வோர்ட்ல (சக்கரைத் தண்ணி) ஒரு ஸ்ட்ராங் பீர், அதே சக்கைல திரும்ப சுடுதண்ணி ஊத்தி லைட்டா இன்னொண்ணு. 5 கிலோ பேல் மால்ட், 15 லிட்டர் தண்ணி, 67 டிகிரில ஒரு மணி நேரம். மொதல்ல 10 லிட்டர் எடுத்தேன், ஹைட்ரோமீட்டர் 1.080 காட்டுச்சு (வோர்ட் எவ்ளோ கெட்டின்னு காட்டற அளவு, வெறும் தண்ணின்னா 1.000), செம குஷி. அப்பறம் 15 லிட்டர் ஊத்தி 15 லிட்டர் எடுத்தா 1.022 தான். ஆறவெச்சு 20 டிகிரிக்கு கொண்டுவந்துதான் ஹைட்ரோமீட்டர் போட்டேன், அதனால ரீடிங் தப்புன்னு சொல்லிடாதீங்க. எங்க சொதப்பினேன்? இன்னொண்ணு, நாளைக்கு ஏற்காடு போறேன், அங்கிருந்து காபிக்கொட்டை வாங்கிட்டு போய் ரெண்டாவது பீர்ல போடலாம்னு ஐடியா. போடலாமா?

சேர்வராயன்_மலை:
தம்பி, மொதல்ல ஒண்ணு. லீவுல சும்மா இருக்கமேன்னு இங்க அடுப்ப பத்த வெச்சுடாதீங்க. லைசென்ஸ் இல்லாம வீட்ல பீர் போட்டா 1937 மதுவிலக்கு சட்டத்துல குற்றம். அந்த வருஷம் ராஜாஜி மதுவிலக்க மொத மொதல்ல கொண்டு வந்ததே நம்ம சேலம் ஜில்லாலதான், ஊர் பெருமைய காப்பாத்துங்க 😄 இங்கிலாந்துல 1963லயே வீட்டு பீருக்கு லைசென்ஸ் வேணாம்னு எடுத்துட்டாங்க, அங்க போய் எவ்ளோ வேணா போடுங்க, விக்காம இருந்தா சரி.

காபிக்கு, எஸ்டேட் பக்கம் விசாரிச்சு அரபிகாவா வாங்குங்க, கொட்டையாவே வாங்குங்க. டவுன்ல பொடி வாங்கினா சிக்கரி கலந்து குடுத்துருவாங்க, அது ஃபில்டர் காபிக்கு ஓகே, பீருக்கு வேணாம்.

பழைய_டிகாக்ஷன்:
உங்க கணக்குலயே பதில் இருக்கு ப்ரோ. தேங்காப்பால நினைச்சுக்கோங்க. மொதப் பால் புழிஞ்ச சக்கைல ஒரு டம்ளர் ஊத்தினா ரெண்டாம் பால், ஒரு சொம்பு ஊத்தினா வெறும் வெள்ளைத் தண்ணி. 5 கிலோ மால்ட் கிட்டத்தட்ட 5 லிட்டர் வோர்ட்ட உறிஞ்சி வெச்சுக்கும், அதுல இருக்கற சக்கரைதான் உங்க ரெண்டாவது பீரே. அதோட 15 லிட்டர் தண்ணி ஊத்தினா மொத்தம் 20 லிட்டர், நல்லா கலந்தா 1.020 கிட்டதான் வரும். உங்க 1.022 அதுக்கு பக்கத்துலதான் இருக்கு, தண்ணிதான் ஜாஸ்தி. அடுத்த தடவை 10 லிட்டர் ஊத்தி, அடி வரைக்கும் கிண்டி, பத்து நிமிஷம் விட்டு எடுங்க, 1.027 கிட்ட வரும். அது புளிச்சு முடிஞ்சா ரெண்டரை பர்சன்ட் பீர், சாயங்காலம் ரெண்டு டம்ளர் குடிச்சாலும் ஆள் நிலையா இருப்பார்.

இன்னும் கொஞ்சம் கெட்டியா வேணும்னா ரெண்டாவது தண்ணி ஊத்தும்போது அரை கிலோ கிரிஸ்டல் மால்ட் (கலருக்கும் இனிப்புக்கும் போடற வறுத்த மால்ட்) புதுசா சேத்துக்கோங்க, கலரும் வரும் இனிப்பும் வரும், ரெண்டு பீரும் அண்ணன் தம்பி மாதிரி இல்லாம வேற வேற ஆளா தெரியும். தண்ணி மட்டும் 77 டிகிரிக்கு மேல போகாம பாத்துக்கோங்க, இல்லனா உமில இருக்கற துவர்ப்பு இறங்கி நாக்க இழுக்கும். காசுக்காக கடைசி சொட்டு வரைக்கும் புழியாதீங்க, 1.010க்கு கீழ போனா நிறுத்திருங்க.

லண்டன்ல ஃபுல்லர்ஸ் கம்பெனி ரொம்ப காலமா இப்படித்தான் ஒரே மேஷ்ல இருந்து லண்டன் பிரைட், ஈஎஸ்பின்னு வேற வேற பீர் எல்லாம் எடுத்தாங்க. ஆனா அவங்க ரெண்டு வோர்ட்டயும் தனித்தனியா கொதிக்க வெச்சு அப்பறம் வேற வேற அளவுல கலப்பாங்க. உங்ககிட்ட ரெண்டு பாத்திரம் இருந்தா அதையும் பண்ணலாம், ரெண்டாவது ரொம்ப தண்ணியா போச்சுனா கெட்டி வோர்ட்ல இருந்து ரெண்டு லிட்டர் கடன் வாங்கிக்கலாம்.

மேட்டூர்_டேம்:
ஹாப்ஸ (பீருக்கு கசப்பு குடுக்கற பூ) மறந்துடாதீங்க. கெட்டி வோர்ட்ல கசப்பு சரியா இறங்காது, அதனால ஸ்ட்ராங்குக்கு கூட போடணும், லைட்டுக்கு கொறச்சு போடணும். நான் பெங்களூர் நண்பர் சொன்னத கேட்டு ரெண்டுக்கும் சமமா பிரிச்சேன்னு வைங்க, சின்னது வேப்பிலைக் கஷாயம். ஈஸ்ட்டும் பெருசுக்கு ரெண்டு பாக்கெட், சின்னதுக்கு ஒண்ணு போதும். அப்பறம் ஜவ்வரிசி போட்டா என்ன? சேலத்துக்காரன் பீர்னு பேர் வரும்ல 😂

பழைய_டிகாக்ஷன்:
@மேட்டூர்_டேம் சிரிக்காதீங்க, போடலாம். அதுவும் ஸ்டார்ச்தானே, நல்லா வேகவெச்சு மேஷ்ல கலந்தா மால்ட்ல இருக்கற என்சைம் சக்கரையா மாத்திரும். வேகாம போட்டா பாயசம் மாதிரி அடைச்சுக்கும், வடியவே வடியாது.

அஸ்தம்பட்டிக்காரன்:
அப்ப 10 லிட்டர், கிண்டி விடணும், கிரிஸ்டல். காபிய கொதிக்க விடாம புளிச்சு முடிஞ்சப்பறம் கொட்டையா ஒரு நாள் ஊற வெக்கப் போறேன். நன்றி அண்ணா. இன்னைக்கு அம்மா தேங்கா புழிஞ்சிட்டு இருந்தாங்க, ரெண்டாம் பாலுக்கு எவ்ளோ தண்ணி ஊத்துவீங்கன்னு கேட்டேன், “ஏண்டா, கல்யாணத்துக்கு சமையல் கத்துக்கறியா”ங்கறாங்க.