மனப்பாடம் இல்லாத எலக்டிவ் எது?

வியாசர்பாடி_மேத்ஸ்: அண்ணா, அக்கா எல்லாருக்கும் வணக்கம். பி.எஸ்சி. மேத்ஸ், ரெண்டாம் வருஷம். அடுத்த செமஸ்டருக்கு வெளித்துறை பேப்பர் ஒண்ணு எடுக்கணும். வரலாறு, தத்துவம், சமூகவியல், உளவியல் இருக்கு. கிளாஸ்ல தூங்காம உட்காரணும், மார்க்கும் போகக் கூடாது. தம்பிக்கு ஒரு யோசனை சொல்லுங்க.

மணிக்கூண்டு: பேப்பர் பேரைப் பார்த்து எடுக்காதே தம்பி. டிபார்ட்மென்ட்ல சிலபஸும், பழைய கேள்வித்தாள் ரெண்டு மூணும் வாங்கு. "வரையறு", "குறிப்பு வரைக"ன்னே வந்தா அது மனப்பாடப் பேப்பர். உளவியல்ல பலர் ஏமாறுறது இங்கதான். மனசைப் படிக்கலாம்னு போவாங்க. அறிமுகப் பேப்பர்ல பாவ்லோவ், ஸ்கின்னர் மாதிரி உளவியலாளர்கள், ஞாபகத்தோட வகைகள்னு பட்டியல்தான் நிறைய.

தத்துவத்துல தர்க்கவியல் யூனிட் இருந்தா கண்ணை மூடிட்டு எடு. முக்கூற்று முடிபுல, அதாவது ரெண்டு கூற்றுலேருந்து மூணாவதா ஒரு முடிவு எடுக்கிற வாதத்துல, 256 வடிவம் இருக்கு, செல்லுபடியாகிறது 15தான். உறுப்பே இல்லாத வகை கிடையாதுன்னு வெச்சுக்கிட்டா 24. வென் படம் போட்டே சரிபார்க்கலாம், உனக்கு அது கணக்குதான். அறவியல் மட்டும்னா அந்த வசதி இல்லை, பக்கம் பக்கமா எழுதணும்.

காசிமேடு_அக்கா: தர்க்கம் சரி, ஆனா களப்பணி இருக்கிற சமூகவியலை விட்டுடாதே. ஒரே சிக்கல் தேதி. ஏப்ரல் 15லேருந்து ஜூன் 14 வரைக்கும் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகு கடலுக்குப் போகாது. மீனவர் வாழ்க்கைன்னு தலைப்பு வெச்சுட்டு ஏப்ரல் கடைசியில காசிமேடு மீன்பிடித் துறைமுகம் போனா மீன் ஏலம் மந்தமா இருக்கும். ஜனவரி, பிப்ரவரியிலேயே முடிச்சிடு. "வருமானம் எவ்வளவு?"ன்னு நேரா கேட்டா யாரும் சொல்ல மாட்டாங்க. டீசல், ஐஸ் செலவு போக பங்கு எப்படிப் பிரிக்கிறாங்கன்னு கேளு, பேச்சு தானா வரும். ஆமா/இல்லை கேள்வியா அடுக்கினா அறிக்கையில எழுத ஒண்ணும் மிஞ்சாது.

பழைய_பெரம்பூர்: வரலாறு எடுத்தா தலைப்பைச் சுருக்கு. "சென்னை வரலாறு"ன்னா எங்க ஆரம்பிக்கிறதுன்னே தெரியாது. 1856ல திறந்த ராயபுரம் ஸ்டேஷன் நல்ல தலைப்புதான், ஆனா ஆளாளுக்கு அதையே எடுத்து ஒரே இணையப் பக்கத்தைக் காப்பி அடிப்பாங்க. 1918ல மெட்ராஸ் லேபர் யூனியன்ங்கிற தொழிற்சங்கம் தொடங்கினதுல இருந்து 1921 பி அண்ட் சி (பக்கிங்ஹாம் அண்ட் கர்நாடிக்) துணி மில் வேலைநிறுத்தம் வரைக்கும்னு வெச்சா ஆளுங்க, தேதி, காரணம் எல்லாம் பிடிபடும். முதல்ல கன்னிமரா நூலகம், அப்புறம் எழும்பூர் ஆவணக் காப்பகம். காப்பகத்துக்குக் கல்லூரிக் கடிதத்தோட போ. கடிதத்துல கையெழுத்து வாங்கவே நாள் ஆகும், முன்னாடியே கேட்டு வை.

வியாசர்பாடி_மேத்ஸ்: தத்துவ சிலபஸ்ல ரெண்டு யூனிட் தர்க்கம் இருக்கு. ஆனா போன வருஷம் ஆள் சேரலைன்னு நடத்தலையாம்.

மணிக்கூண்டு: அப்போ ஃபார்ம்ல முதல் விருப்பம் தத்துவம், ரெண்டாவது சமூகவியல்னு போடு. குறைஞ்சது எத்தனை பேர் வேணும்னு ஆபீஸ்ல கேட்டு, உன் கிளாஸ் பசங்களையும் இழு. மேஜர் லேப் நேரத்தோட மோதாதான்னும் பார்த்துக்கோ. மோதினா ரெண்டு பக்கமும் அட்டெண்டன்ஸ் அடிவாங்கும்.