பத்மினி காரின் தகட்டு இணைப்புகளுக்கு எந்த சீலன்ட் பொருத்தம்?

கேள்வி (சிந்துபூந்துறை)

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீட்டில் 1978ஆம் ஆண்டின் பிரீமியர் பத்மினி ஒன்று இருக்கிறது. 2023 டிசம்பர் வெள்ளத்தில் இருக்கை மட்டம் வரை தண்ணீர் நின்றதில் முன்பக்கத் தரைத் தகடும், கதவுகளுக்குக் கீழே ஓடும் பாக்ஸும் அரித்துப் போயின. டிங்கர் அண்ணாச்சி அரித்ததை வெட்டி எடுத்துவிட்டு, 20 கேஜ் தகட்டில் புதுத் தரை அடித்துப் பற்றவைத்து முடித்துவிட்டார். இனி, ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கும் தகட்டு விளிம்புகளை அடைக்க வேண்டும். கண்ணாடிக் கடையில் விற்கும் சிலிக்கோனே போதும் என்கிறார் டிங்கர், பி.யூ. (பாலியூரித்தேன்) சீலன்ட்தான் வேண்டும் என்கிறார் பெயின்டர். எம்.எஸ். பாலிமர் என்று இன்னொரு வகை சீலன்டும் கடையில் இருக்கிறது. கூரை ஓரத்து மழைநீர்க் காடிக்கும், முன்கண்ணாடியின் ரப்பர் பீடிங்கிற்கும் இதே பொருளைப் பயன்படுத்தலாமா?

பதில் (பாளையங்கோட்டை, பெயின்டிங் பட்டறை)

சிலிக்கோனைப் பட்டறைக்குள்ளேயே கொண்டுவர விடாதீர்கள். டியூபிலிருந்து பிதுக்கி இழுக்கும்போது வினிகர் வாடை அடிக்கும் வகை, உலரும்போது அசெட்டிக் அமிலத்தை வெளியிடுகிறது. வெறும் இரும்பில் அது துருவைக் கூட்டும். வாடையில்லாத வகை இரும்பைக் கெடுக்காது என்றாலும் அதன்மேல் பெயின்ட் பிடிக்காது. சிலிக்கோன் பட்ட கையால் தொட்ட இடத்தில்கூட, பெயின்ட் அடித்தவுடன் சின்னச் சின்ன வட்டங்களாக விலகிக் குழி விழும். தேய்த்தாலும் லேசில் போகாது.

தரைத் தகட்டுக்கு உங்கள் பெயின்டர் சொல்வதே சரி. பி.யூ. சீலன்ட் காற்றின் ஈரத்தை எடுத்துக்கொண்டு இறுகும். இறுகிய பிறகும் ரப்பர் போல நெளியும். பத்மினிக்குத் தனிச் சேசிஸ் (அடிச்சட்டம்) கிடையாது, பாடியே சுமை தாங்குகிறது. ஆகவே குண்டு குழிச் சாலையில் ஒவ்வோர் இணைப்பும் சற்றே அசையத்தான் செய்யும். இரண்டு உருண்டைகளைப் பிசைந்து ஒட்டும் எபாக்சியோ பட்டியோ அங்கே வைத்தால், அந்த அசைவில் மயிரிழை அளவுக்கு வெடித்து, அந்த வெடிப்பு வழியே தண்ணீரை உள்ளே இழுத்து வைத்துக்கொள்ளும். வெளியே பெயின்ட் நன்றாகத் தெரியும்போதே உள்ளே துரு ஓடிக்கொண்டிருக்கும்.

ஆனால் பி.யூ. வெறும் தகட்டில் நம்பிக்கையாக ஒட்டாது. துருவை நீக்கி, எபாக்சி பிரைமர் அடித்து, அது உலர்ந்த பிறகு இணைப்பில் இழுங்கள். வெயில் பட்டால் மேற்பரப்பு வெளிறிப் பொடியாகும் என்பதால் மேலே பெயின்ட் கட்டாயம். எம்.எஸ். பாலிமரும் நல்ல பொருள்தான். வெயிலைக் கூடுதலாகத் தாங்கும். கூரைக் காடிக்கு நான் அதையே எடுப்பேன். காடியில் இழுத்ததைச் சோப்புத் தண்ணீர் தொட்ட விரலால் சமன் செய்ய வேண்டாம். அந்தச் சோப்பின்மேல் பெயின்ட் நிற்காது.

முன்கண்ணாடி விஷயம் வேறு. அது ரப்பரில் உட்கார்ந்திருக்கும் கண்ணாடி. ரப்பருக்கும் தகட்டு விளிம்புக்கும் இடையில் இறுகாத பியூட்டைல் வகை சீலன்ட் மட்டும் வையுங்கள். பி.யூ. வைத்தால் பின்னாளில் ரப்பரை அறுக்காமல் கண்ணாடியைக் கழற்ற முடியாது.

பதில் (தூத்துக்குடி)

மேலே சொன்ன அனைத்தையும் ஏற்கிறேன். ஆனால் எந்த டியூப் என்று முடிவு செய்வதற்கு முன்னால் தண்ணீர் எந்த வழியாக வெளியேறும் என்று பார்த்துவிடுங்கள். வெள்ளத்தில் நின்ற காரின் பாக்ஸுக்குள் வண்டல் படிந்திருக்கும். அது ஈரத்தைப் பிடித்து வைக்கும். வெளியே எவ்வளவு உயர்ந்த சீலன்ட் வைத்தாலும் இரும்பு உள்ளிருந்தே தின்னப்படும். டிங்கர் மூடாமல் விட்ட துளை ஏதேனும் இருந்தால் அதன் வழியே குழாய் விட்டு, கீழ்த்துளையில் தெளிந்த நீர் வரும்வரை கழுவி, காற்றடித்து, சில நாள் வெயிலில் காய விடுங்கள்.

பாக்ஸின் அடியிலும் கதவுகளின் அடியிலும் உள்ள வடிகால் துளைகளில் சீலன்ட் ஒரு பொட்டுகூடப் படக்கூடாது. பெயின்ட் வேலை முழுதும் முடிந்த பிறகே உள்ளே துரு தடுக்கும் மெழுகு பீய்ச்ச வேண்டும். முன்கூட்டியே பீய்ச்சினால் இடுக்குகளில் கசிந்து பெயின்டைக் கெடுக்கும். பித்தளை ஒட்டு வைத்த இடம் இருந்தால், ஒட்டும்போது தூவி அங்கே படிந்திருக்கும் பொரிகாரத்தை வெந்நீரால் கழுவி எடுத்த பிறகே பிரைமருக்குப் போங்கள்.

கேள்வி கேட்டவர்

மிக்க நன்றி, அண்ணாச்சி. கீழ்த்துளைகள் இரண்டைப் புதுத் தகடு மறைத்துவிட்டது, திறக்கச் சொல்லிவிட்டேன். வேலை ஐப்பசி வரை இழுத்துவிடும் போலிருக்கிறது. ஈரத்தில் இறுகும் பொருள் என்றால் மழைக்காலத்திலேயே இழுக்கலாமா?

பதில் (பாளையங்கோட்டை, பெயின்டிங் பட்டறை)

காற்றில் ஈரம் இருந்தால் நல்லது. தகட்டில் இருக்கக் கூடாது. மழைக்கால விடியலில் தகடு வியர்த்திருக்கும். ஆகவே காலை பத்து மணிக்கு மேல், ஹாட் ஏர் கன்னால் தகட்டைத் தொட்டால் வெதுவெதுப்பாக இருக்குமளவு சூடாக்கிவிட்டு, ஆறிய பின் இழுங்கள். மேல்தோல் விரைவில் கட்டினாலும் உள்ளே ஒரு நாளைக்குச் சுமார் 3 மி.மீ. அளவுக்குத்தான் இறுகும். அதனால் தடிமனாக ஒரே இழுப்பில் நிரப்பாமல், இடுக்கிற்குள் அழுத்தி மெல்லியதாக இழுங்கள். அதன்மேல் எப்போது பெயின்ட் அடிக்கலாம் என்பதை டியூபில் அச்சிட்டிருக்கும் நேரப்படி பெயின்டரிடம் பேசி வைத்துக்கொள்ளுங்கள். திறந்த டியூப் மிச்சமானால் அடுத்த வாரத்துக்கு என்று எடுத்து வைக்காதீர்கள்; வாய்ப்பகுதி உள்ளேயே கல்லாகிவிடும்.