வேலை நேர்காணலுக்கு ஆட்களைத் தயார்செய்யும் பயிற்சியாளர்களே, மாதிரி நேர்காணலில் உங்கள் மனசை உறுத்திய பதில் எது? எப்படித் திருத்துவீர்கள்? (புனைபெயரிலேயே எழுதலாம்.)

பேரேடு
சுய உதவிக் குழுப் பெண்கள் பேட்ச். பில்லிங், ஸ்டோர் வேலைக்கு மாதிரி நேர்காணல். நாற்பதை ஒட்டிய ஒரு அக்காவிடம், "கல்யாணத்துக்கு அப்புறம் என்ன பண்ணீங்க?" என்று கேட்டதும், "சும்மா வீட்லதான் சார் இருந்தேன்" என்றார். பக்கத்து நாற்காலியிலிருந்து ஒரு குரல்: "ஏன்க்கா, நீதானே நம்ம குழுவுக்கு ஊக்குநர்?"

ஊக்குநர் என்றால் குழுவை நடத்துபவர். ரொக்கப் புத்தகம், பொதுப் பேரேடு, கடன் பேரேடு, தீர்மானப் புத்தகம் எல்லாமே அவர் கையெழுத்துதான். தவணை கட்டி, சலானை ஒட்டி, பாஸ்புக்கோடு இருப்பை ஒத்துப் பார்ப்பதும் அவரே. அது வேலை என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

'சும்மா' வந்த இடத்தில் நிறுத்தி, கை செய்த வேலையை மட்டும் சொல்லச் சொல்லணும். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஓர் எண்: எத்தனை பேர், எவ்வளவு பணம், எத்தனை நாளைக்கு ஒருமுறை. "16 பேர் குழுவுக்கு மாசாமாசம் கணக்கு எழுதுறேன், ரொக்கமும் பேங்க் இருப்பும் ஒத்துப் பார்ப்பேன்." பத்து விநாடிப் பதில். இதை எழுதிக் கொடுத்து நாலு தடவை படிக்க வைத்தால் போதும்.

தறிமேடை
எழுதிக் கொடுப்பதில்தான் வினையே. மில் மூடியபின் செக்யூரிட்டி சூப்பர்வைசர் வேலைக்குத் தயாரான ஒருவர், அறிமுகத்தை வரி பிசகாமல் சொல்லிக்கொண்டு வந்தார். நடுவில், "எந்த ஊரு?" என்று ஒரு குறுக்குக் கேள்வி. ஊரைச் சொல்லிவிட்டு, மறுபடி "மைசெல்ஃப்..." என்று முதல் வரிக்கே போய்விட்டார். மூன்று முறை குறுக்கிட்டதில் மூன்று முறையும் அதேதான். நெற்றியெல்லாம் வேர்வை.

மனப்பாடம் சங்கிலி மாதிரி, ஒரு கண்ணி விட்டால் முழுசும் போச்சு. சின்ன அட்டை மூன்று போதும்: கடைசியாகப் பார்த்த வேலை, அதில் ஓர் எண், இந்த இடத்துக்கு ஏன் வருகிறார். அட்டைக்கு இரண்டு சொல்தான், முழு வாக்கியம் கூடாது. ஒவ்வொரு சுற்றிலும் குலுக்கி, வரிசை மாற்றிச் சொல்ல வைக்கணும். மொத்தம் ஒரு நிமிஷத்தைத் தாண்டக் கூடாது.

சாயங்கால பேட்ச்
எனக்கு மறக்காதது சம்பளக் கேள்வி. "எவ்வளவு எதிர்பாக்குறீங்க?" "நீங்க பார்த்துக் குடுக்கறதக் குடுங்க மேடம்." அவ்வளவுதான் கதை.

இதை வெறும் பேச்சுப் பயிற்சியாக நடத்தாதீர்கள், தாளும் கால்குலேட்டரும் கொடுங்கள். பேசிக்கும் (அடிப்படைச் சம்பளம்) டி.ஏ.வும் (அகவிலைப்படி) சேர்த்து 15,000 என்று வைத்துக்கொள்வோம். பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) 12 சதவீதம், 1,800 போகும். மாதச் சம்பளம் 21,000-க்குள் இருப்பதால் இ.எஸ்.ஐ. (தொழிலாளர் காப்பீடு) 0.75 சதவீதம், 113 ரூபாய். கைக்கு வருவது 13,087. பஸ்ஸுக்கும் சாப்பாட்டுக்கும் ஆவதை அவர்களே கழித்துப் பார்க்கட்டும். மிச்சத்தைப் பார்த்ததும், "குடுக்கறதக் குடுங்க" தானாகவே நின்றுவிடும்.

பதிலை இரண்டு பாகமாகப் பழக்குங்கள். முதலில் ஒரு வீச்சு: "கைக்கு 14-லேர்ந்து 15 ஆயிரம் எதிர்பாக்குறேன்." உடனே ஒரு கேள்வி: "பி.எஃப்., இ.எஸ்.ஐ. பிடிச்சதுக்கு அப்புறம் எவ்வளவுங்க வரும்? ஓவர்டைம் தனியா உண்டா?" தொகையைச் சொன்னபின் வாயை மூடிக்கொள்வதற்கும் பயிற்சி வேண்டும். பலர் அந்த இரண்டு விநாடி அமைதி தாங்காமல், "குறைச்சாலும் பரவால்ல" என்று தாங்களே இறங்கி வருவார்கள். கேட்பவர் வேண்டுமென்றே பேசாமல் உட்கார்ந்து பார்க்கணும்.

'வேலை உறுதி'ன்னு சொல்லி முன்பணம் கேட்டால், அங்கேயே எழுந்து வரச் சொல்லுங்கள். அதையும் நடித்தே பழக்கலாம்.

பேரேடு
தறிமேடை, அட்டை நல்ல உத்திதான், மறுக்கவில்லை. ஆனால் நாற்காலியில் உட்கார்ந்து அந்நியரிடம் பேசியே பழகாதவர் கையில் முதல் நாளே அட்டையைக் கொடுத்தால், அதை வெறித்துப் பார்த்துக்கொண்டே இருப்பார். முதல் சுற்றுக்கு எழுத்து, இரண்டாவதிலிருந்து அட்டை. முதல் நாளே வீடியோவும் எடுக்காதீர்கள். முகத்தைப் பார்த்ததும் சேலையைச் சரிசெய்வதில் கவனம் போய்விடும். போனில் குரலை மட்டும் பதிவுசெய்து போட்டுக் காட்டினால், வாக்கியக் கடைசி முணுமுணுப்பாகத் தேய்வது அவர்களுக்கே கேட்கும்.

மூன்று மூன்று பேராகப் பிரியுங்கள்: கேட்பவர், பதில் சொல்பவர், கவனிப்பவர். 5 நிமிஷம் பேச்சு, 3 நிமிஷம் கருத்து, பிறகு இடம் மாறுதல். கவனிப்பவர் சொல்ல வேண்டியது நன்றாக வந்தது ஒன்று, மாற்ற வேண்டியது ஒன்று. பட்டியல் போட விட்டால் அடுத்த வகுப்புக்கு ஆள் வராது.

அணில்
எல்லாரும் பேச்சையே பேசுறீங்க. எல்லாக் கேள்விக்கும் பளிச்சுனு பதில் சொன்ன ஒருத்தர், ஃபைலைத் திறந்ததும் திணறினார். ஆதார்ல கணவர் பேரு ஒட்டியிருக்கு, பத்தாம் வகுப்பு சான்றிதழ்ல அப்பா இனிஷியல். பி.எஃப். கணக்கு தொடங்குறப்போ இதுதான் முட்டும். மாதிரி நேர்காணல்லேயே ஃபைலை வாங்கிப் பார்த்து, "ஏம்மா பேரு வேற வேறயா இருக்கு?"ன்னு ஒரு கேள்வியைச் சேர்த்துடுங்க. "கல்யாணத்துக்கு அப்புறம் மாத்தினேன், திருத்தத்துக்குக் குடுத்திருக்கேன், ரசீது இது"ன்னு தாளை எடுத்து நீட்டணும். ரசீது ஃபைல்ல மேலாக இருக்கட்டும்.