மறுமொழி: ‘கிளிப்’ என்பதற்குத் தமிழில் என்ன? என் வாக்கு ‘நறுக்கு’க்கு

வணக்கம் நண்பர்களே,

இந்த இழையைத் தொடங்கியவன் நான்தான். எதற்காகக் கேட்கிறேன் என்பதை முதல் மடலிலேயே விளக்கியிருக்க வேண்டும். விளக்காததால் பேச்சு நாலு பக்கமும் போய்விட்டது. இப்போது சொல்லிவிடுகிறேன்.

எங்கள் வாசகர் வட்டம் மாதம் ஒரு ஞாயிறு மாலை ஜூமில் கூடுகிறது. நாற்பது, ஐம்பது பேர் வருவார்கள். பேச்சு முழுக்கப் பதிவாகும். ஒன்றேகால் மணி, சில நாள் ஒன்றரை மணி நேரம். அதை அப்படியே யூடியூபில் ஏற்றினால் கடைசிவரை பார்ப்பவர்கள் கொஞ்சம் பேர்தான். அதனால் நல்ல இடமாகப் பார்த்து ஒரு நிமிடம், இரண்டு நிமிடம் என்று எடுத்துத் தனியாகப் போட ஆரம்பித்தோம். அந்த வேலையைப் பார்க்கிற கல்லூரித் தம்பி ஒருநாள் கேட்டான்: “அண்ணே, ஃபோல்டர் பேரெல்லாம் தமிழ்ல இருக்கு, இது மட்டும் கிளிப்ஸ்னு கிடக்கு. என்ன வைக்கட்டும்?” எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை.

அதே சமயம் பேச்சாளர்களுக்காக இரண்டு பக்கக் கையேடு ஒன்றும் எழுதிக்கொண்டிருந்தேன். எப்படி உட்கார வேண்டும், வெளிச்சம் எங்கிருந்து வர வேண்டும், மைக் எது என்பது போன்ற விஷயங்கள். எழுதி முடித்துப் படித்துப் பார்த்தால் ஒரே பொருளை ஓரிடத்தில் ‘துண்டு’ என்றும், இன்னோரிடத்தில் ‘சிறு காணொளி’ என்றும், மற்றோரிடத்தில் ‘கிளிப்’ என்றும் எழுதியிருக்கிறேன். படிக்கிறவர் மூன்றும் வேறு வேறு என்று நினைத்துக்கொள்ள மாட்டாரா? எனக்கு ஒரே ஒரு சொல் வேண்டும். அது பெயராகவும் நிற்க வேண்டும், வினையாகவும் நடக்க வேண்டும்.

உங்கள் மடல்களுக்கு ஒவ்வொன்றாக வருகிறேன்.

> ‘துணுக்கு’ ஏற்கனவே இருக்கிறதே, புதிதாக எதற்கு?

துணுக்கு நல்ல சொல்தான். ஆனால் அதற்கு வேறு வேலை கிடைத்துவிட்டது. வார இதழ்களில் பக்கத்தின் அடியில் மிஞ்சும் இடத்தை நிரப்பியது துணுக்கு. நகைச்சுவைத் துணுக்கு, பொது அறிவுத் துணுக்கு எல்லாமே சிறியதாக இருக்க வேண்டும் என்றே எழுதப்பட்டவை. எதிலிருந்தும் வெட்டி எடுத்தவை அல்ல. நம்முடையது பெரிய பேச்சின் நடுவிலிருந்து எடுத்தது. தவிர, நிரல் எழுதுகிற நண்பர்கள் ‘நிரல் துணுக்கு’ என்று புழங்குகிறார்கள். அதை அவர்களிடமே விட்டுவிடலாம்.

> ‘குறுங்காணொளி’ என்றால் எல்லோருக்கும் புரியும்.

புரியும். ஆனால் அது நீளத்தைச் சொல்கிற பெயர். எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்லவில்லை. மேலும் ‘குறு’ எவ்வளவு என்பதை நாம் முடிவு செய்வதில்லை, தளங்கள் முடிவு செய்கின்றன. யூடியூப் ஷார்ட்ஸில் ஒரு நிமிடத்துக்கு மேல் கூடாது என்று இருந்தது, 2024 அக்டோபர் 15 முதல் மூன்று நிமிடம் என்றானது. நாளைக்கு ஐந்தாகலாம். சமையலறையில் நின்று நாற்பது நொடி பேசிப் போடுபவரும் குறுங்காணொளி போடுகிறார். அதற்கு மூலம் என்று ஒன்று கிடையாது. நான் கேட்பது மூலம் உள்ளதற்கு. இதைக் குறுங்காணொளித் தளத்தில் ஏற்றினால் அங்கே அது குறுங்காணொளி ஆகிவிடுகிறது, சரி. ஆனால் எல்லாக் குறுங்காணொளியும் இதுவல்ல.

> கிளிப் என்றால் பிடிப்பது. ‘பிடிப்பு’ என்று ஏன் சொல்லக் கூடாது?

இந்தக் குழப்பம் நமக்கு ஆங்கிலத்திலிருந்து வந்தது. அங்கே ஒரே எழுத்துக்கோவையில் இரண்டு வேறு சொற்கள் ஒளிந்திருக்கின்றன. பிடித்துக்கொள்வது என்ற பொருள் பழைய ஆங்கில வேரிலிருந்தும், கத்தரிப்பது என்ற பொருள் ஸ்காண்டிநேவிய வேரிலிருந்தும் வந்தவை. தாளைப் பிடிக்கும் கிளிப் முதல் வகை, நம்முடையது இரண்டாவது. கத்தரிக்கிறவனுக்குப் பிடிப்பு என்று பெயர் வைத்தால் எழுத்தைத்தான் மொழிபெயர்க்கிறோம், பொருளை அல்ல.

‘கீற்று’ என்று எழுதிய அம்மாவுக்கு: காதுக்கு இனிமையாக இருக்கிறது, ஒளிக்கீற்று என்ற அழகும் கூடவே வருகிறது. ஆனால் “இந்தப் பேச்சைக் கீற்றிக் கொடு” என்று சொல்ல முடியவில்லை. வினை நடக்க மறுக்கிறது.

இப்போது என் பரிந்துரை: நறுக்கு.

யாழ்ப்பாணத்து நண்பர் மூன்றாம் மடலில் போகிற போக்கில் எழுதிய ஒரு வரிதான் எனக்குக் கண்ணைத் திறந்தது. “நாங்கள் பேப்பரிலை வெட்டி வைக்கிறதைப் பத்திரிகை நறுக்கு எண்டுதான் சொல்லுறனாங்கள்” என்றார். பெரிய தாளிலிருந்து வேண்டிய செய்தியை மட்டும் கத்தரித்து ஒட்டி வைப்பது நறுக்கு. நாங்கள் பதிவிலிருந்து செய்வதும் அதேதான். தாள் காணொளியாக மாறியிருக்கிறது, செயல் மாறவில்லை. அதற்கும் முன்னால் ஓலை நறுக்கு இருக்கிறது: நெடிய ஓலையிலிருந்து ஒரு செய்திக்குப் போதுமான அளவு மட்டும் அரிந்து, எழுதி, ஆள் கையில் கொடுத்தனுப்புவது. கையோடு கொண்டுபோகிற சிறு செய்தி! இன்று வாட்ஸாப்பில் அனுப்புவதற்கு இதைவிடப் பொருத்தமான மூதாதையை நான் எங்கே போய்த் தேடுவேன்?

அப்புறம், ‘நறுக்குத் தெறித்தாற்போல்’ என்று ஒரு வழக்கு. அவர் நறுக்குத் தெறித்தாற்போல் பேசினார் என்றால் வளவளவென்று இழுக்காமல், சொல்ல வேண்டியதைச் சரியான இடத்தில் சொன்னார் என்று பொருள். நல்ல கிளிப்புக்கு இதைவிட என்ன இலக்கணம் வேண்டும்? துண்டு என்ற சொல்லில் இது கிடைக்காது. துண்டு என்றால் உடைந்து விழுந்தது. நறுக்கு என்றால் பார்த்து எடுத்தது.

கோவை ஐயா, “வெங்காயம் நறுக்குகிற வாடை வருகிறதே” என்று எழுதியிருந்தீர்கள். எனக்கு அது குறையாகத் தெரியவில்லை, ஐயா. எல்லோர் வீட்டிலும் தினமும் புழங்குகிற வினை என்பதால்தான் யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டியிருக்காது. கணினியில் நாம் வெட்டுகிறோம், ஒட்டுகிறோம். அவையும் வீட்டுச் சொற்கள்தானே?

இன்னொரு நடைமுறை வசதி. காணொளித் துண்டு, காணொளித் துணுக்கு, காணொளிக் கீற்று எல்லாவற்றிலும் ஒற்று மிகும். பாதிப் பேர் போடுவார்கள், பாதிப் பேர் விட்டுவிடுவார்கள். பிறகு தேடினால் ஒன்று கிடைக்கும், மற்றது கிடைக்காது. ‘காணொளி நறுக்கு’, ‘ஒலி நறுக்கு’ இரண்டிலும் அந்தத் தொல்லையே இல்லை. நானூறு கோப்புகளுக்குப் பெயர் வைத்துப் பார்த்தவன் சொல்கிறேன், இது சின்ன விஷயம் இல்லை. (காணொளியா, காணொலியா என்ற பழைய வழக்கை இந்த இழையில் திறக்க வேண்டாம். அரசு அறிக்கைகளும் நாளிதழ்கள் சிலவும் ‘காணொலிக் காட்சி’ என்றே எழுதுகின்றன என்பது தெரியும். இரண்டோடும் நறுக்கு ஒட்டும்.)

சரி, இதில் ஒரு சிக்கல் உண்டு. அதைச் சொல்லாமல் விடக் கூடாது. காணொளியை இரண்டு விதமாக வெட்டுகிறோம். ஒன்று காலத்தில்: 17ஆம் நிமிடத்திலிருந்து 18ஆம் நிமிடம் வரை. மற்றொன்று இடத்தில்: அகலப் படத்தின் இருபுறமும் கழித்து, கைப்பேசிக்கு ஏற்ற நெட்டைப் படமாக்குவது. இரண்டுக்கும் ஒரே வினையைப் போட்டால் கையேடு குழம்பிவிடும். இரண்டாவதற்கு ஒளிப்படச் செயலிகளில் ‘செதுக்கு’ ஏற்கனவே நிலைத்துவிட்டது. அதை அப்படியே வைத்துக்கொள்வோம்: காலத்தில் நறுக்குகிறோம், சட்டகத்தில் செதுக்குகிறோம்.

இந்த வேறுபாடு சொல்லளவில் நிற்பதல்ல. 1920-க்கு 1080 புள்ளி (பிக்சல்) அளவுள்ள பதிவை 9-க்கு 16 என்ற நெட்டை விகிதத்தில் செதுக்கினால் மிஞ்சுவது 608 புள்ளி அகலம்தான். படத்தில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் போய்விடுகிறது. பதிவே 1280-க்கு 720 என்றால் கிடைப்பது 405. நெட்டைப் படத்துக்கு வழக்கமான 1080 அகலத்துக்கு அதைக் கொண்டுவர இரண்டரை மடங்குக்கு மேல் இழுக்க வேண்டும், முகம் குழைந்துவிடும். திரைப்பகிர்வில் இருந்த எழுத்துகளோ பாதியில் அறுபடும். அதனால்தான் பேச்சாளர் சட்டகத்தின் நடுவில் உட்கார வேண்டும் என்று கையேட்டில் தடித்த எழுத்தில் போட்டேன்.

போன மாதம் பேசியவர் ஓய்வுபெற்ற வேளாண் ஆசிரியர். மரபு நெல்லைப் பற்றி அவ்வளவு அருமையாகப் பேசினார். ஆனால் சன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். கேமரா அந்தச் சாயங்கால வெளிச்சத்துக்குத் தன்னைச் சரிசெய்துகொண்டதில் முகம் கறுத்துப்போய் மூக்குக்கண்ணாடி விளிம்பு மட்டும் மின்னியது. மடிக்கணினி தாழ இருந்ததால் படத்தில் பாதி மின்விசிறி, அதன் சத்தம் வேறு. கூட்டத்துக்குப் பத்து நிமிடம் முன்பே அழைத்து, “ஐயா, நாற்காலியை எதிர்ப்பக்கம் போட்டுக்கிட்டு, லேப்டாப்புக்கு அடியில நாலு புத்தகம் வைங்க” என்று சொல்லியிருந்தால் தீர்ந்திருக்கும். சொல்லாதது எங்கள் தவறு.

அதைவிடப் பெரிய பாடம் நறுக்கும்போது கிடைத்தது. 17ஆம் நிமிடத்தில் குரல் தழுதழுக்க, “அது ஆளுயரம் வளரும். காத்தடிச்சா சாயும். அதுக்காக அதை விட்டுட முடியுமா?” என்றார். கேட்ட எங்களுக்குச் சிலிர்த்தது. அந்த ஐம்பது நொடியை எடுத்துப் போட்டோம். வந்த முதல் கேள்வி: “எது சாயும்?” மாப்பிள்ளைச் சம்பா என்ற பெயர் நான்கு நிமிடம் முன்னால் நின்றுவிட்டது! மேலே பெயரை எழுத்தில் போட்டுச் சமாளித்தோம். ஆனாலும் அவர் வாயால் அந்தப் பெயர் வந்திருந்தால் எப்படி இருந்திருக்கும்.

ஆகவே கையேட்டில் இப்போது இரண்டு வரி சேர்த்திருக்கிறேன். ஒன்று பேச்சாளருக்கு: ‘அது’, ‘இது’, ‘முன்னே சொன்னேனே’ என்பதற்குப் பதில் பெயரை மறுபடி சொல்லுங்கள், கேள்விக்குப் பதில் சொல்லும்போது கேள்வியையும் பதிலுக்குள் சேர்த்துக்கொள்ளுங்கள். மற்றொன்று கூட்டத்தை நடத்துபவருக்கு: பேச்சாளர் முடித்ததும் இரண்டு நொடி பொறுத்துப் பேசுங்கள், நடுவே ‘ம்ம்’, ‘ஆமாமா’ போடாதீர்கள். அந்த இரண்டு நொடி மௌனம்தான் கத்தி இறங்குகிற இடம். ஆளுக்கொரு ஒலிக்கோப்பாகத் தனித்தனியே பதியும் வசதியையும் முடிந்தவர்கள் இயக்கிக்கொள்ளலாம். ஒருவர் இருமினாலும் மற்றவர் குரல் கெடாது.

அடுத்து, இழையில் எனக்கு மிகவும் பிடித்த மடல்.

> பதிவிலிருந்து வேறு வடிவங்களை எடுக்கிற வேலை முழுவதுக்கும் ‘மறுதாம்பு’ என்று வைக்கலாம். கரும்பை வெட்டிய பிறகு அதே கட்டையிலிருந்து மறுபடி துளிர்க்கிறதே, அதுபோல.

படித்ததும் எழுந்து உட்கார்ந்தேன். ஒரே நடவில் இரண்டாவது வெள்ளாமை! இரண்டு நாள் மனத்துக்குள்ளேயே சொல்லிப் பார்த்தேன். ஆனாலும் கை வரவில்லை. மறுதாம்பில் வருவதும் கரும்புதான். நாம் ஒரு பேச்சிலிருந்து காணொளி நறுக்கு, ஒலி நறுக்கு, கட்டுரை, சுவரொட்டி வாசகம் என்று வேறு வேறு பண்டங்கள் எடுக்கிறோம். ஒரே மரத்தில் நுங்கும் பதநீரும் ஓலையும் எடுக்கிற பனை இதற்கு நெருக்கம். ஆனால் பனையிலிருந்து கலைச்சொல் எப்படிச் செய்வது என்று எனக்குப் புலப்படவில்லை. கையேட்டில் தற்போதைக்கு ‘மறுபயன்’ என்று எழுதியிருக்கிறேன். இதில் உயிர் கொஞ்சம் குறைவு, ஒப்புக்கொள்கிறேன். மறுதாம்பை எழுதிய ஐயா, ஒரே பேச்சை அடுத்த ஆண்டு மறு ஒளிபரப்புச் செய்வதற்கு அந்தச் சொல்லை வைத்துக்கொள்ளலாமா? அங்கே அது கச்சிதமாகப் பொருந்தும்.

நறுக்குக்கு மறுப்பு இருப்பவர்கள் தயவுசெய்து வெள்ளிக்கிழமைக்குள் எழுதுங்கள். சனிக்கிழமை தம்பி வருகிறான். கோப்புகளுக்குப் பெயர் மாற்றும் வேலையைத் தொடங்கிவிடுவோம். ‘நெல்_நறுக்கு_01’ என்று ஒன்றை மட்டும் நேற்றே மாற்றிப் பார்த்தேன்.

கடைசியாக ஒரு கேள்வி. மறுகுறியாக்கம் செய்யாமல், அதாவது படத்தைப் புதிதாகக் கணித்து எழுதாமல் உள்ளதை அப்படியே நகலெடுத்து, எஃப்எஃப்எம்பெக் (FFmpeg) என்ற காணொளி மென்பொருள் கொண்டு நறுக்கினால் நாம் சொன்ன நொடியில் தொடங்குவதில்லை. முழுப் படமாகச் சேமிக்கப்பட்ட சட்டகம் எங்கே இருக்கிறதோ அங்கேதான் வெட்டு விழுகிறது. சில சமயம் குரல் மட்டும் வந்து படம் ஒரு நொடி உறைந்து நிற்கிறது. ஆங்கிலத்தில் கீஃபிரேம் எனப்படும் அந்தச் சட்டகத்துக்குத் தமிழில் என்ன பெயர்? ‘திறவுச் சட்டகம்’ என்று எழுதிப் பார்த்தேன், மனம் ஒப்பவில்லை. தனி இழை தொடங்குகிறேன், அங்கே வாருங்கள்.

அன்புடன்.