ஆங்கிலத்தில் ஒன்றையே இரண்டு தடவை சொல்வது: நீங்கள் பார்த்தவை?

அடுத்தவர் எழுதும் அறிக்கைகளைத் திருத்துவது என் வேலை. இலக்கணப் பிழையைவிட என்னை அதிகம் படுத்துவது கூறியது கூறல்தான். சமீபத்தில் வந்த ஒரு வரி: 'இன் ஆர்டர் டு கம்ப்ளீட்லி எலிமினேட் த எர்ரர், இட் இஸ் அப்சல்யூட்லி எசென்ஷியல் டு செக் ஈச் அண்ட் எவ்ரி ஃபைல்.' எலிமினேட் என்றாலே மிச்சம் இல்லாமல் ஒழிப்பது, பாதி எலிமினேட் என்று ஒன்று கிடையாது, அப்புறம் கம்ப்ளீட்லி எதற்கு? எசென்ஷியலுக்கு முன்னால் நிற்கும் அப்சல்யூட்லியும் அப்படித்தான். 'டு எலிமினேட் த எர்ரர், செக் எவ்ரி ஃபைல்' என்று மாற்றி அனுப்பினேன். எழுதியவர் போன் செய்து, "அழுத்தம் போயிடுச்சே" என்றார். இரண்டையும் வாய்விட்டுப் படிக்கச் சொன்னேன், படித்துவிட்டுச் சின்ன வரியையே வைத்துக்கொண்டார்.

சந்தேகம் வந்தால் அடைமொழிக்கு எதிரான சொல்லை அங்கே போட்டுப் பாருங்கள். 'பாஸ்ட் ஹிஸ்டரி' என்கிறோம், ஃப்யூச்சர் ஹிஸ்டரி உண்டா? 'ஃப்ரீ கிஃப்ட்' என்கிறோம், காசு வாங்கிக்கொண்டு கொடுக்கிற கிஃப்ட் உண்டா? இல்லையென்றால் பாஸ்டும் வேண்டாம், ஃப்ரீயும் வேண்டாம்.

↳ சரிதான், ஆனால் சட்ட ஆவணத்தில் கை வைக்கும்முன் கொஞ்சம் யோசிக்க வேண்டும். நான் அவற்றை மொழிபெயர்க்கிறேன். 'வில் அண்ட் டெஸ்டமெண்ட்' (இரண்டுமே உயில்தான்) மாதிரி ஜோடிகள் அங்கே நிறைய. 1066-இல் பிரெஞ்சு பேசிய நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு சட்டத்துக்குள் பிரெஞ்சும் லத்தீனும் புகுந்தன, பழைய ஆங்கிலச் சொல்லையும் விடாமல் பக்கத்திலேயே வைத்து எழுதினார்கள். வில் ஆங்கிலம், டெஸ்டமெண்ட் லத்தீன். இன்றைக்கு ஒன்று போதும் என்றே நினைக்கிறேன், ஆனாலும் வக்கீலைக் கேட்காமல் நானாக எதையும் வெட்டுவதில்லை.

↳ மெயில்களில் நான் தினமும் பார்ப்பது 'ரிப்ளை பேக்', 'ரிட்டர்ன் பேக்', 'ரிப்பீட் அகெய்ன்'. முன்னால் இருக்கிற அந்த 'ரி'யே திரும்ப என்பதைச் சொல்லிவிடுகிறது. 'ஏடிஎம் மெஷின்' என்பதிலும் கடைசி எம் மெஷின்தான். எழுத்தில் இதையெல்லாம் தயங்காமல் எடுத்துவிடுவேன். 'பின் நம்பர்' (PIN-இன் கடைசி என்னும் நம்பர்தான்) மட்டும் பேச்சில் இருந்துவிட்டுப் போகட்டும், போனில் வெறும் 'பின்' என்றால் எதிர்முனையில் இருப்பவர் "என்னது?" என்று திரும்பக் கேட்கிறார்.