காலேஜ் பாஸ்கெட்பால்ல மேட்சுக்கு 28 பாயிண்ட் போட்டவனை நம்பி என்பிஏ டிராஃப்ட்ல (டீமுங்க முறை வெச்சு புதுப் பசங்களை எடுக்கிறது) எடுக்கலாமா? நேர்ல பாத்தவங்க சொல்லுங்க

ஏழாம் நம்பர்:
டிராஃப்ட் நெருங்கினாலே எனக்கு ஜிம்மர் ஃப்ரெடெட் ஞாபகம் வந்துடும். 2011, பத்தாவது பிக், சாக்ரமெண்டோ கிங்ஸுக்கு வந்தான், காலேஜ் ஸ்டார் இங்க எடுபடல, நேரா விஷயத்துக்கு வர்றேன். அப்ப நான் அந்த ஊர்ல கான்ட்ராக்ட் வேலை, ரூம்மேட்டோட மேல் மாடி டிக்கெட். பிஒய்யூ காலேஜ்ல அவன் அடிச்சதெல்லாம் யூடியூப்ல தேயத் தேயப் பாத்திருந்தோம், கவாய் லெனர்ட் இருந்த சான் டியாகோ ஸ்டேட் ஒரு மேட்ச் கூட தோக்காம வந்தப்ப அவங்க தலையில 43 இறக்கினான்ல, அத மட்டுமே பத்து தடவை. ஜெர்சியும் வாங்கியாச்சு.

ரெண்டாவது குவார்ட்டர்ல உள்ள வந்தான். அவன் கையில பால் வந்ததும் ஜனம் மொத்தமும் எழுந்து நிக்குது. எதிர் டீம் கார்டு (வெளிய நின்னு பாலை நடத்துற ஆட்டக்காரன்), கை நீளமான ஆளு, ஹாஃப் கோர்ட்லயே வந்து ஒட்டிக்கிட்டான். ஜிம்மர் பாலை மறைக்க உடம்பைத் திருப்பினான், ரிங்குக்கு முதுகைக் காட்டிட்டு அப்படியே மூணு நாலு செகண்ட். அப்புறம் கூட ஆடுற டைரீக் எவன்ஸ்கிட்ட பாலைக் குடுத்துட்டு கார்னர்ல போய் நின்னுட்டான். அவ்ளோதான். நின்ன ஜனம் பாப்கார்னை மடியில வெச்சிக்கிட்டு ஒவ்வொரு வரிசையா உக்காந்துச்சு. காலேஜ்ல அவன் வெச்சதுதான் சட்டம், இங்க கார்னர்ல நின்னு பாலுக்குக் காத்திருந்தான். அந்த முதுகு இன்னும் கண்ணுல நிக்குது. இந்த மாதிரி கார்டை எடுக்கச் சொன்னா எனக்கு வயித்தக் கலக்குது.

மினியாபோலிஸ் குளிர்:
ப்ரோ, ஒருத்தனை வெச்சி எல்லாரையும் தள்ளிடாதீங்க. நான் எங்க ஊர் டீம் டிம்பர்வுல்வ்ஸ் ஃபேன், பயந்து தள்ளினதுக்கு நாங்க குடுத்த விலை தெரியும்ல. 2009, எங்ககிட்ட அஞ்சாவது, ஆறாவது பிக் அடுத்தடுத்து, ரெண்டுமே கார்டு, ரூபியோ, ஜானி ஃப்ளின். ஏழாவது பிக்ல கோல்டன் ஸ்டேட் டீம், பின்னாடி பெரிய ஸ்டாரான ஸ்டெஃபன் கரியைத் தூக்கிட்டாங்க. அந்த வருஷம் காலேஜ்லயே அதிகமா ஸ்கோர் பண்ணவன் அவன்தான், மேட்சுக்கு 28.6. ஃப்ரெண்டு வீட்ல எட்டு பேர் உக்காந்து பாத்தோம், ஃப்ளின் பேர் வந்ததும் எல்லாரும் குதிச்சோம், சிரக்யூஸ்ல அந்த ஆறு ஓவர்டைம் மேட்ச்ல 67 நிமிஷம் ஆடினவன் ஆச்சே. கரி டிவில வந்தப்ப ஒருத்தன் "என்னடா ஸ்கூல் பையன் மாதிரி இருக்கான், கையெல்லாம் குச்சி"ன்னான். எல்லாரும் சிரிச்சாங்க. சொன்னவன் நான்தான்.

பழைய பாயிண்ட் கார்டு:
ரெண்டு பேரும் அரைக் கதைதான் சொல்றீங்க. என்னுது சின்னது. அட்லாண்டால ஒரு மேட்ச், கீழ் வரிசை சீட், கம்பெனி டிக்கெட். எதிர் டீம் பெஞ்சுல ஒரு கோச், அவங்க கையில பால் வர்றப்பல்லாம் அப்ப அட்லாண்டா கார்டா இருந்த டிரே யங் நிக்கிற பக்கம் விரலை நீட்டுவார். டிரே யாரை மறிக்கிறானோ அவன் ஓடி வந்து ஸ்க்ரீன் வெப்பான் (பால் வெச்சிருக்கிறவனை மறிக்கிற ஆளுக்குக் குறுக்க நிக்கிறது), டிரே மாட்டிப்பான், பால் வெச்சிருக்கிறவன் அவன் மேல ஏறிப் போவான். மறுபடி விரல். நாலாவது குவார்ட்டர் முழுக்க அந்த விரலத்தான் பாத்தேன், ஸ்கோரே பாக்கல.

இப்ப கேளுங்க. இந்தப் பசங்களோட பாயிண்டைப் பாக்காதீங்க, பால் கையில இல்லாதப்ப என்ன பண்றான், பாஸ் போடத் தெரியுதான்னு பாருங்க. கரி கடைசி வருஷம் டேவிட்சன் காலேஜ்ல பாயிண்ட் கார்டா (ஆட்டத்தை நடத்துறவன்) மாறினான், மேட்சுக்கு 5.6 அசிஸ்ட் (ஸ்கோர் ஆகுற பாஸ்), அதாவது ரெண்டு பேர் வந்து மடக்கினா எங்க பாஸ் போடணும்னு ஒரு வருஷம் அடி வாங்கிக் கத்துக்கிட்டுதான் வந்தான். டிரேயும் அப்படித்தான், ஓக்லஹோமால காலேஜ் ஆடினப்ப பாயிண்ட், அசிஸ்ட் ரெண்டுலயும் நாட்டுலயே முதல். அதனாலதான் டிஃபென்ஸ் ஓட்டையா இருந்தும் 2021ல அட்லாண்டாவை கான்ஃபரன்ஸ் ஃபைனல் (ஃபைனலுக்கு முந்தின ரவுண்டு) வரைக்கும் இழுத்துட்டுப் போனான், ஃபிலடெல்ஃபியாவோட ஏழாவது மேட்ச்ல 23 ஷாட்ல 5 தான் விழுந்துச்சு, ஆனாலும் ஜெயிச்சாங்க. ஃப்ரீ த்ரோ (யாரும் மறிக்காம போடுற ஷாட்) பாருங்க, கை நல்ல கையான்னு அது பொய் சொல்லாது. அப்புறம் வயசு, 22 வயசுக்காரன் 18 வயசுப் பசங்க மேல 28 போடுறதுல பாதியத்தான் நம்பணும். அதை விட முக்கியம், உங்க டீம்ல ஏற்கனவே பாலை விடாதவன் யாரு? கிங்ஸ்ல எவன்ஸ், மார்கஸ் தார்ன்டன், ஜிம்மர், மூணு பேருக்கும் பால் வேணும், ஒரே வீட்ல மூணு மாப்பிள்ளை. இன்னொண்ணு, அவங்களே அதே டிராஃப்ட்ல கடைசி பிக், 60ஆவது, ஐசேயா தாமஸை எடுத்தாங்க. அஞ்சடி ஒன்பது அங்குலம், அவனும் ஸ்கோர் பண்ற கார்டுதான். 2016-17ல பாஸ்டன்ல அவன் சராசரி 28.9. ஜிம்மர் பிஒய்யூல கடைசி வருஷம் எவ்ளோன்னு பாருங்க, அதே 28.9. ஏழாம் நம்பர் அந்த மேட்ச்ல குட்டையன் பக்கம் பாத்திருக்கணும், நீங்க ஜெர்சி வாங்கினவனையே பாத்துட்டு இருந்தீங்க.

ஏழாம் நம்பர்:
குட்டையனையும்தான் 2014ல ஃபீனிக்ஸுக்கு அனுப்பிட்டாங்களே சார். அதுவும் நான்தான் பாக்கலையா?

ஸ்காபரோ அண்ணன்:
தம்பிமார், பத்தாவது, அறுபதாவது எண்டு சண்டை பிடிக்கிறியள். எங்கட பெடியனை ஒருத்தருமே எடுக்கேல்ல. அப்ப டொரண்டோ ராப்டர்ஸில இருந்த ஃப்ரெட் வான்வ்ளீட், விச்சிட்டா ஸ்டேட்டில நாலு வருசம், 2016 டிராஃப்டில பேரே கூப்பிடேல்ல. 2019 ஃபைனல், ஆறாவது மேட்ச், நான் ஒரு கொத்துரொட்டிக் கடையில நிண்டனான், ஓடர் குடுத்து அரைமணித்தியாலம், சாப்பாடு வரேல்ல. ஏனெண்டு எட்டிப் பாத்தால் கொத்துறவர் ரெண்டு தகட்டையும் கல்லில வைச்சிட்டு ரீவிக்கு முன்னால வந்து நிக்கிறார். கடைசிக் குவார்ட்டரில வான்வ்ளீட் மட்டும் 12 பாயிண்ட். நாலாவது மேட்சில முழங்கை பட்டு பல்லு உடைஞ்ச பெடியன். ஒவ்வொரு திரீ (தூரத்தில நிண்டு போடுற மூண்டு பாயிண்ட் ஷொட்) விழேக்கையும் அந்த மனுசன் தகட்டால கல்லில ஒரு அடி, டக். ரொட்டி கருகினதை ஒருத்தரும் கவனிக்கேல்ல, நான் அதைத்தான் திண்டனான்.

மினியாபோலிஸ் குளிர்:
அண்ணே, வான்வ்ளீட் காலேஜ்ல ஸ்கோரர் இல்ல, பாஸ் போடுறவன். டாபிக்கே வேற. கதை சூப்பர்.

ஸ்காபரோ அண்ணன்:
உங்கட டாபிக்கில நீங்கள் கரியைப் பாத்துச் சிரிச்சனீங்கள் எல்லோ.

கார்னர் திரீ:
ஏழாம் நம்பர், அந்த ஜெர்சி இன்னும் இருக்கா? இருந்தா என்ன சைஸ்?

ஏழாம் நம்பர்:
மீடியம். குடுக்க மாட்டேன். ஜிம்மர் சீனா போய் ஷாங்காய் டீம்ல ஒரே மேட்ச்ல 73 போட்டான்னு செய்தி வந்த அன்னிக்கு எடுத்துப் போட்டுக்கிட்டேன், தொப்பையில மாட்டிக்கிச்சு. இப்ப பையன் தூங்குறப்ப போட்டுக்கிறான், யாருப்பா இதுன்னு இன்னும் கேக்கல.