00 ஸ்கேல் மாடல் ரயில்: லூப் லைனின் ஒரு முனை மட்டும் மெயினோடு சேர மறுக்கிறது

வளைவுப்பாதை:
6×4 அடி ப்ளைவுட்டில் ஹார்ன்பி கம்பெனியின் இரண்டாம் ரேடியஸ் (438 மி.மீ) தண்டவாளத்தில் ஓவல். நேர்பகுதி 838 மி.மீ, அதாவது 168 மி.மீ துண்டு ஐந்து. அதில் உள்பக்கமாக, மெயின் பாதையிலிருந்து பிரிந்து மறுபடி அதிலேயே சேரும் ஒரு லூப் லைன் வேண்டும். இடது முனையில் ஹார்ன்பி பாயிண்ட் (பாதை இரண்டாகப் பிரியும் துண்டு), வலது முனையில் பழையதாகக் கிடைத்த பீக்கோ கம்பெனியின் ஸ்ட்ரீம்லைன் ஸ்மால் பாயிண்ட். இரண்டிலும் கிளைக்குப் பின்னால் R606 வளைவுத் துண்டை மாட்டினால் இடது பக்கம் அழகாக இணையாக வருகிறது, வலது பக்கம் கோணிக்கொண்டு நிற்கிறது. அழுத்தி மாட்டினால் மாட்டுகிறது, ஆனால் பெட்டிகள் அங்கேயே தடம் புரள்கின்றன. நடுவில் 38 மி.மீ குட்டித் துண்டு ஒன்றைச் சொருகினால் சரியாகுமா?

நாலாம்பிளாட்பாரம்:
ஆகாது. உங்களுக்குக் குறைவது நீளம் இல்லை, இடிப்பது கோணம்.

ஹார்ன்பி பாயிண்ட்டின் கிளை 438 மி.மீ ரேடியஸில் 22.5° திரும்புகிறது. R606-ம் அதே ரேடியஸ், அதே 22.5°. எதிர்ப்பக்கம் திருப்பி மாட்டினால் கோணம் பூஜ்யமாகிவிடும். பாயிண்ட் பக்கவாட்டில் 33.4 மி.மீ தள்ளுகிறது, R606 இன்னொரு 33.4. கூட்டினால் 67 மி.மீ. செட்ராக்கில் (அளவு மாறாத துண்டுகளாக வரும் பாதை) இணையாக ஓடும் பாதைகளின் இடைவெளி அதுதான். நீளவாட்டில் ஒவ்வொன்றும் கிட்டத்தட்ட 168 எடுக்கும் என்பதால் மெயினில் உள்ள நேர்த்துண்டோடு முனைக்கு முனை ஒத்துப்போகும்.

ஸ்ட்ரீம்லைன் வேறு குடும்பம். நீளம் 185, கிளைக் கோணம் 12°, பாதை இடைவெளி 50.8 மி.மீ. அதன் பின்னால் 22.5° வளைவைப் போட்டால் 10.5° மிஞ்சுகிறது. 335 மி.மீ தூரம் போவதற்குள் அது 62 மி.மீ விலகல். இதை ஜாயினர் (இரண்டு ரெயில் முனைகளைச் சேர்க்கும் சிறு துண்டு) தாங்காது. மூட்டில் தண்டவாளம் முறிந்து நிற்கும், சக்கரத்தின் விளிம்பு அந்த முறிவில் ஏறிவிடும்.

வலது முனைக்கும் ஹார்ன்பியோ பீக்கோ செட்ராக்கோ வாங்குங்கள், இரண்டின் ஜியோமெட்ரியும் ஒன்றே. லூப் ஒரே பக்கம் என்பதால் ஒரு முனைக்கு இடது (R8072), மறு முனைக்கு வலது (R8073). இரண்டும் ஒரே கையாக வாங்கிவிட்டால் லூப் மூடாது. ஸ்ட்ரீம்லைனைத்தான் வைப்பேன் என்றால் எதிர்வளைவை ஃப்ளெக்ஸி ட்ராக்கில் (இஷ்டப்படி வளையும் பாதை) வளைத்துக்கொள்ள வேண்டும்.

வளைவுப்பாதை:
புரிந்தது. இரண்டு முனையும் ஹார்ன்பி என்றால் லூப்பில் எத்தனை பெட்டி நிற்கும்?

கார்டுவேன்:
கணக்குப் போட்டால் வருத்தப்படுவீர்கள். ஒவ்வொரு முனையிலும் பாயிண்ட்டும் R606-ம் சேர்ந்து 335 தின்றுவிடும். 838-ல் 670 போனால் முழு இணையாக ஓடுவது ஒரே ஒரு 168 துண்டு. R606-ன் மேலேயும் கொஞ்சம் நிறுத்தலாம்தான், ஆனாலும் ஒரு சின்ன டேங்க் எஞ்சினும் ஒரு வேகனும் நின்றால் அதிகம். 6×4 பலகையில் நேர்பக்கத்தில் லூப் போடுவதே வீண் வேலை என்பேன்.

லூப்பை வளைவைச் சுற்றிக் கொண்டுபோங்கள். வெளி ஓவலை மூன்றாம் ரேடியஸாக (505) மாற்றினால் இரண்டாம் ரேடியஸ் (438) அதற்குள் சரியாக 67 இடைவெளியில் உட்காரும். மெயினுக்கு மூன்றாம் ரேடியஸ் 45° வளைவு எட்டு. இரண்டு நேர்பக்கமும் 670 தான்: ஒரு 335, ஒரு பாயிண்ட், ஒரு 168. பாயிண்ட்டின் ஒற்றை முனை 335 பக்கம், கிளைகள் வலது வளைவைப் பார்த்து, உள்நோக்கி. லூப்புக்கு R606 இரண்டு, நடுவே உங்களிடம் இருக்கும் R607 (இரண்டாம் ரேடியஸ் 45° வளைவு) நான்கு. வளைவு மட்டுமே 1376 மி.மீ வருகிறது.

மொத்த அளவு 1680×1010, பாதையின் நடுக்கோட்டிலிருந்து. நீளவாட்டில் ஓரம் 74, அகலவாட்டில் 104 மிஞ்சும். நான்காம் ரேடியஸுக்கு ஆசைப்படாதீர்கள். அகலத்தில் 38 மி.மீதான் மிஞ்சும், தடம் புரண்டால் எஞ்சின் நேராகத் தரைக்குப் போகும்.

ஃபிஷ்பிளேட்:
ஜியோமெட்ரி சரியாக இருந்தும் புரண்டால் முதலில் ஜாயினரைப் பாருங்கள். தண்டவாளத்தின் அடிப்பாகம் ஜாயினருக்குள் நுழையாமல் அதன் மேலே ஏறி உட்கார்ந்திருக்கும். மேலிருந்து தெரியாது. கண்ணைப் பலகை மட்டத்துக்குக் கொண்டுபோய் ரெயிலின் நீளவாக்கில் பாருங்கள், அல்லது நகத்தால் மூட்டின் மேல் இழுத்துப் பாருங்கள். தட்டினால் அங்கேதான் கோளாறு.

அந்த ஸ்ட்ரீம்லைனை வேறெங்காவது பயன்படுத்தினால் இரண்டு விஷயம். கோட் 75 என்றால் ரெயில் உயரம் 1.9 மி.மீ, செட்ராக் கோட் 100, அதாவது 2.54. சாதாரண ஜாயினர் போட்டால் படிக்கட்டு மாதிரி நிற்கும். எலக்ட்ரோஃப்ராக் (ரெயில்கள் குறுக்கிடும் ‘ஃப்ராக்’ பகுதியிலும் மின்சாரம் ஓடும் வகை) என்றால் ஃப்ராக்கிலிருந்து கிளம்பும் இரண்டு ரெயிலிலும் பிளாஸ்டிக் ஜாயினர் கட்டாயம், இல்லாவிட்டால் ஷார்ட் ஆகும்.

வாங்கும் முன் XTrackCAD என்ற பாதை வரையும் மென்பொருளில் வரைந்து பாருங்கள், இலவசம். 1:1 அளவில் பிரிண்ட் எடுத்துப் பலகையில் பரப்பும்போது பிரிண்டர் "பக்கத்துக்குப் பொருத்து" என்று சுருக்கிவிடும். ஒரு நேர்த்துண்டை ஸ்கேல் வைத்து அளந்து பாருங்கள்: 168 வரவில்லை என்றால் அந்தத் தாளைக் கிழித்துவிட்டு 100 சதவீதத்தில் மறுபடி எடுங்கள்.